ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது பேச வேண்டும். எனக்குப் பேச வராது. அதனால் இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றுதான் என்னை ஒரு பள்ளத்தாக்குப் புதரில், பட்டப்பகலில், வேட்டி இல்லாமல் உட்கார வைத்தது.

என் மகள் கோமதி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள், நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் சேலை மூட்டையோடு, ஒரு இடத்தில்கூட காலை ஊன்றாமல் சைக்கிள் மிதித்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். (புத்தூர் வரைக்கும்தான் மிதிப்பேன். அங்கே சைக்கிளையும் மூட்டையையும் பஸ் மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். மருமகன் இதைப் படித்தால் படிக்கட்டும்.) குழந்தை மறந்துவிடும் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை.

கோமதி படித்து, திருப்பதியில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே வேலை செய்யும் முரளி என்கிற சித்தூர்ப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாக நடந்தது, என்னைத் தவிர. வந்தவர்களை "வாங்க" என்றேன். போகும்போது தலையாட்டினேன். நடுவில் இருந்த இரண்டு மணி நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன், அந்தச் சத்தத்திலேயே நின்று பேச்சு மறந்துவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். தறிக்கு வருவதற்கு முன்பும் நான் இப்படித்தான்.)

மறுவாரம் முரளியின் அம்மா ரேணுகாம்மாவிடமிருந்து சேதி வந்தது. "பொண்ணு தங்கம். ஆனா பொண்ணோட நைனாவுக்குக் கர்வம் ஜாஸ்தி போலருக்கே. மொகம் குடுத்துப் பேசாதவங்க வூட்டுல எப்டி சம்பந்தம் பண்றது? யோசிச்சு சொல்றேன்."

கோமதி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது முரளிதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சரளைக்கல் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கிராவல் பைக் என்று அதற்கென்றே ஒரு சைக்கிள் இருக்கிறதாம். புத்தூர்ப் பக்கத்து மலைக்குள் ஒரு கோனை உண்டு. (மலை இடுக்கில் இருக்கிற பள்ளத்தாக்கை எங்கள் பக்கம் கோனை என்போம்.) கீழே அருவியும் சிவன் கோயிலும், மேலே பள்ளத்தின் விளிம்பை ஒட்டிச் சுற்றிப்போகும் சரளைப் பாதையும். இரண்டு குடும்பமும் அங்கே போய்ச் சாமி கும்பிட்டுக் கட்டுச்சோறு சாப்பிடலாம், மாமாவும் நானும் சைக்கிளில் ஒரு சுற்று போய் வருகிறோம், பழகினால் சரியாகிவிடும் என்று அவர் அம்மாவைச் சம்மதிக்க வைத்தார். திருப்பதி வரைக்கும் மிதித்த மாமா ஆயிற்றே.

வேனில் போகும்போது என் மனைவி மல்லிகா காதுக்குள் சொன்னாள். "இன்னிக்காவது அந்தம்மாகிட்ட நாலு வார்த்த பேசு. நாலே நாலு போதும். பொண்ணு வாழ்க்கையே அதுலதான் கீது."

நான் தலையாட்டினேன்.

"தலய ஆட்டாத. வாயத் தொற."

கோயிலில் இரண்டு தடவை ரேணுகாம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் இருமல்தான் வந்தது. "அவருக்குத் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அந்தப் பக்கம் போய்விட்டார்.

முரளி தன் கார் மேலிருந்து இரண்டு சைக்கிள்களை இறக்கினார். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். மணி இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. யாரோ பாதி பிரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது.

"வேட்டியோட கஷ்டம் மாமா. என்கிட்ட ஒரு ஷார்ட்ஸ் இருக்கு, போட்டுக்கறீங்களா?"

சம்பந்தியம்மா முன்னால் அரைக்கால் டவுசரா? வேண்டாம் என்று கையை ஆட்டினேன். (அன்றைக்கு அதை வாங்கி மாட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.) வேட்டியை மடித்துக் கட்டினேன். தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். இடது காலைப் பெடலில் வைத்து, நான்கு தத்துத் தத்தி, காலை வீசிப் போட்டு ஏறினேன். சைக்கிள் வெண்ணெய் மாதிரி போயிற்று.

"பின்னிட்டீங்க மாமா" என்றார் முரளி. "மேல வளைவு தாண்டினா கடல் தெரியுமாம். மழை விட்ட மறுநாள் வெளுப்பா ஒரு கோடு மாதிரி தெரியும்னு சொல்றாங்க. நான் முன்னால போய்ப் பார்க்கறேன், நீங்க மெதுவா வாங்க."

சரளைக்கல் சக்கரத்துக்கடியில் பொரி மாதிரி நொறுநொறுத்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. கீழே போனதும் ரேணுகாம்மாவிடம் சொல்ல நான்கு வார்த்தைகளைத் தயார் செய்தேன். "மேலருந்து பார்த்தா கடல் தெரியுதும்மா." எண்ணிப் பார்த்தேன், சரியாக நான்கு. சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

வளைவில் வேட்டி தளர்ந்தது. இறங்கினேன். இறங்கினால் இடது காலால் ஸ்டாண்டைத் தட்டுவது, கையை விடுவது. முப்பது வருடப் பழக்கம். தட்டினேன். தட்டுப்பட்டதாகவே தோன்றியது. கையை விட்டேன்.

அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டே கிடையாது. அது ஒரு கணம் யோசித்துவிட்டு, விளிம்புப் பக்கமாகச் சாய்ந்து, சறுக்கி, போயே போய்விட்டது.

எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு புதரில் மாட்டிக்கொண்டு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை உயிராக வைத்திருக்கும் சைக்கிள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடுவதற்குப் பேச வேண்டுமே. இறங்கினேன். விளிம்பில் இருந்த சூரைமுள் வேட்டியைப் பிடித்தது. நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது. கால் வழுக்கி நான் சைக்கிள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேட்டி மேலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் அரை டிராயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் பழுது விழுந்த சேலைத் துண்டை வீணாக்கக் கூடாது என்று மல்லிகா அதில் எனக்கு டிராயர் தைப்பாள். அன்று போட்டிருந்தது ரோஸ் நிறம். தொடையைச் சுற்றி மாங்காய் போட்ட ஜரிகைக் கரை.

ஏறப் பார்த்தேன். சரளை என்னைக் கீழேயே கொண்டுவந்து விட்டது. அதற்குள் முரளி திரும்பி வந்துவிட்டார். அவர் பார்த்தது, முள்ளில் தொங்குகிற ஒரு வேட்டி. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை.

"மாமா... மாமா..."

தொண்டை வரைக்கும் பதில் வந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது மாங்காய்க் கரைதான். சைக்கிளையும் இழுத்துக்கொண்டு புதருக்குள் நகர்ந்துகொண்டேன். அவர் கீழே ஓடிப்போய்க் காட்டுக் காவலரையும், இரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எவரண்டி அக்கட?" என்று காவலர் தெலுங்கில் குரல் கொடுத்தார். யார் அங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

மல்லிகா வேட்டியைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அதைவிட ரேணுகாம்மாவின் குரல்தான் என்னைக் கரைத்தது. "என் புள்ளயோட சைக்கிள் பைத்தியத்தால ஒரு மனுஷன் போய்ட்டாரே. கர்வக்காரர்னு வேற சொன்னேனே." அவர் விம்முவது கேட்டது. எழுந்து நின்றுவிடலாம் என்று நினைத்தேன். மாங்காய்க் கரையைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

கயிறு கொண்டுவரப் போகிறேன் என்று காவலர் சொன்னார். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம். பிறகு அமைதி. பிறகு கோமதியின் குரல், வீட்டுக் கூடத்தில் பேசுவது போல, அழுகையே இல்லாமல்.

"நைனா, எல்லாரும் போய்ட்டாங்க. நான் மட்டுந்தான் கீறேன். எழுந்து வா."

என் மகளுக்கு என்னைத் தெரியும். எழுந்தேன்.

மேலே பதினோரு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் மூச்சுவிடவில்லை. தலையில் ஹெல்மெட், இடுப்பில் ரோஸ் டிராயர், தோளில் நூல் மூட்டை மாதிரி சைக்கிள். ரேணுகாம்மா நேராக என்னைப் பார்த்தார். மல்லிகா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். தயார் செய்த கடல் எங்கேயோ போய்விட்டது.

"இந்த வண்டிக்கு ஸ்டாண்டு இல்ல" என்றேன்.

நான்கு வார்த்தை.

ரேணுகாம்மாதான் முதலில் சிரித்தார். நிற்க முடியாமல் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இதுவா கர்வம்? உசுரே போனாலும் வாயத் தொறக்க மாட்டாராட்டம் கீதே. மல்லிகா, எப்டிம்மா இவரோட குடும்பம் நடத்தினு கீற?" என்றார். அழுதுகொண்டிருந்த மல்லிகாவும் சிரித்துவிட்டாள்.

கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். புளிசாதம் போட்டுக்கொண்டே, அடுத்த வெள்ளிக்கிழமையே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ரேணுகாம்மா சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. ரோஸுல அந்த மாங்காக் கரை, அது உங்க தறியில ஓட்டினதா? எனக்கு ஒரு சேல கெடைக்குமா?"

ஆறு வருடமாகிறது. முரளி தன் சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு போட்டுவிட்டார். கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்கிறார்களாம். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து நான் பின்கட்டில் மறைந்தால், "எல்லாரும் போய்ட்டாங்க மாமா" என்று அவர்தான் கூப்பிடுகிறார். நான் இன்னும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

ரேணுகாம்மா எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அந்த ரோஸ் சேலையில்தான் வருகிறார். யாராவது கரையைத் தொட்டுப் பார்த்து, "எங்க எடுத்தீங்க?" என்று கேட்பார்கள்.

"கடையில இல்லம்மா. கோனையில பார்த்தேன், புடிச்சுப்போச்சு" என்பார்.

நான் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பிப்பேன்.