கோமாதா வளர்த்த மாடு

மலாக்கா மாநிலத்திலேயே கைப்பேசிக்குச் சந்தனம் பூசி மாலை போட்ட ஒரே ஆள், எங்கள் ஆபீஸ் கோமாதாதான். ஆபீசில் வைத்த பட்டப்பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், மனிதருக்கு முறுக்கு மீசை.

அவரை அந்த மாட்டுக் கேமில் சேர்த்துவிட்டதே நான்தான். கைப்பேசியில் மாடு வளர்க்க வேண்டும். பால் கறந்தால் டோக்கன் என்ற டிஜிட்டல் காசு கிடைக்கும். மாடு பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் நம் பெயரில் பதிவாகியிருப்பதால், நல்ல விலை வந்தால் விற்கலாம். ஆபீசே விற்பதற்காக வளர்த்தது. என்னிடம்தான் எல்லாரும் யோசனை கேட்டார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

கோமாதா கேமுக்குள் வந்தார், அந்தப் பெருமை போச்சு. தன் மாட்டுக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்தார். மீட்டிங் நடுவில், "பாஸ், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுறேன்லா" என்று எழுந்து போவார். நான் கொட்டாவி விட்டாலே முறைக்கிற பாஸ், அவரைச் சிரித்துக்கொண்டே அனுப்புவார். எனக்கு வயிறு எரியும்.

மாட்டுப் பொங்கலுக்கு இங்கே ஏது லீவு? ஆபீசில் டீ போடும் பேன்ட்ரியிலேயே கைப்பேசிக்குப் பொட்டு வைத்து, மாலை சாத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சார்ஜ் போடும் ஓட்டையில் தண்ணீர் இறங்கி, செல்லம்மா இருண்டுபோனாள். பெம்பான் ஊரில் அவர் வீட்டு அரிசி டின்னுக்குள் புதைத்து எடுத்த பிறகுதான் உயிர் வந்தது. மறுநாள் ஆபீசே நலம் விசாரித்தது. என் மாடு அவருடையதைவிட ஒரு லெவல் மேலே! எட்டிப் பார்க்க நாதியில்லை.

அப்புறம் வெளிநாட்டுக்காரன் ஒருவன் செல்லம்மாவை விலைக்குக் கேட்டான்.

"அண்ணே, வித்துடுங்கலா! இந்த மாதிரி விலை இனி வராது."

"வீட்டு மாட்ட எவனாச்சும் விப்பானா? உனக்கு வந்தா குடுத்துருவியா?"

எனக்குத்தான் வரவே இல்லையே! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டோக்கன் விலை விழுந்தது. எல்லாரும் கேமை விட்டு ஓடினோம். இனி இவர் கொட்டமும் அடங்கும் என்று சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன்? அவரோ வழக்கம்போல் தண்ணி காட்ட எழுந்தார். "டோக்கன்தானே செத்துச்சு, மாட்டுக்குப் பசிக்காதா?"

போன மாதம் அவருக்கு ஓய்வு. இப்போதாவது விட்டிருப்பாரா என்று பார்க்க கேமைத் திறந்தேன். மேய்ச்சல் நிலமே காலி. செல்லம்மாவும், நான் அம்போவென்று விட்ட என் மாடும் மட்டும் கொழுகொழுவென்று நின்றன. உடனே போன் போட்டேன்.

"அண்ணே, என் மாட்டுக்குத் தீனி போட்டது நீங்களா?"

"பக்கத்துப் பட்டியில பசியோட நின்னுச்சு. பாத்துட்டு எப்படிலா சும்மா இருக்கறது?"

பேசி முடித்ததும் கேமில் என் மாட்டுக்குப் புல்லை நீட்டினேன். சீண்டவில்லை; அவர் பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. அதைச் சொல்லி என்ன, ஆபீசில் நானும் அவருடைய காலி நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.