யூமிக்குத் தமிழ் தெரியாது

லண்டனில் வசிக்கும் தமிழர்களிடம் பொதுவாக ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் தமிழர் போலத் தெரியாவிட்டால், அவருக்குக் காதே கிடையாது என்று முடிவுகட்டிவிடுவோம். ரயிலில் எதிரே இருப்பவரின் தலைமயிரைப் பற்றியும், டொக்டரின் அறையில் இருந்துகொண்டே டொக்டரைப் பற்றியும் சத்தமாகக் கதைப்போம். என்னிடம் இந்தப் பழக்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதனால் ஒரு வேலையை இழந்தேன். (கிடைக்காத வேலையை எப்படி இழப்பது என்று என் மனைவி வதனி கேட்பாள். கிடைக்கவிருந்த வேலை என்று திருத்திக்கொள்கிறேன்.)

அப்போது நான் நான்கு மாதமாக வேலையில்லாமல் இருந்தேன். பன்னிரண்டு வருடம் சரக்குப் பொறுப்பாளராக இருந்த பண்டகசாலையை மூடிவிட்டார்கள். வதனி பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் ஷிப்ட் எடுத்து வீட்டைக் கொண்டு நடத்தினாள். வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் மகள் ஆரணியை ஹரோவில் நடக்கும் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. பிள்ளைகள் உள்ளே ரகர றகர வித்தியாசம் படிக்கும்போது, அப்பாமார் நாங்கள் கன்டீனில் இருந்து உலகத்தைத் திருத்துவோம். வெளிவிவகாரம் என் துறை. வாரம் முழுக்க விண்ணப்பம் போட்டு யாரிடமிருந்தும் பதில் வராத ஒருவனுக்கு, ஏழெட்டுப் பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணித்தியாலம் பெரிய விஷயம்.

"முந்தின பிரதமர் பெட்டி கட்டி முடிக்கேல்லை, அடுத்தவர் வந்து நிக்கிறார். ஒரு அறையை வாடகைக்குக் குடுக்கிறதெண்டாலும் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுவினம்" என்பேன். "பூமி சூடாகுது எண்டு சொல்லுறதுக்குத் தலைவர்மார் ஆளுக்கொரு பிளேனிலை வந்து இறங்கினம்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு யப்பான். நான் யப்பானுக்குப் போயிருக்கிறேன். விமானம் மாறுவதற்காக ஏழு மணித்தியாலம். அதில் நான்கு மணித்தியாலம் கதிரையில் நித்திரை. மிச்சம் எல்லாம் போனில் வந்த வீடியோக்களில் படித்தது.

"ரயில் அரை நிமிசம் பிந்தினால் குனிஞ்சு மன்னிப்புக் கேப்பாங்களாம். இஞ்சை ரயில் வந்தாலே நாங்கள்தான் குனியவேணும். லீவிலை போய்வந்தால் ஒப்பீசிலை எல்லாருக்கும் பிஸ்கட் குடுத்துச் சமாளிக்கவேணுமாம். முதலாளி போகாமல் வேலைக்காரன் போகமாட்டான். வேலைக்காரன் இருக்கிறான் எண்டு முதலாளியும் போகமாட்டான். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கொண்டு இருப்பாங்கள். அதுக்குப் பேர் உழைப்பு! கக்கூசுக்குப் போறதெண்டாலும் ஒரு கோர்ஸ் படிக்கவேணும், அவ்வளவு பொத்தான்!"

இரண்டு மேசை தள்ளி யூமி இருப்பார். சிவராசா அண்ணையின் மனைவி, யப்பானியர். அண்ணைக்குச் சனிக்கிழமை வேலை என்பதால் மகனை அவர்தான் கூட்டிவருவார். ஒரு கொப்பியை விரித்துவைத்து எதையோ எழுதிக்கொண்டிருப்பார். நான் "ஹலோ" என்பேன், அவரும் "ஹலோ" என்பார். ஒரு வருடத்தில் எங்களுக்கிடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

"மெல்லமாக் கதையும் பாஸ்கரன், அந்த மனிசி இருக்கெல்லோ" என்று தயாபரன் அண்ணை ஒருநாள் சொன்னார். எங்கள் கூட்டத்தில் கொஞ்சம் யோசிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

"அவவுக்குத் தமிழ் விளங்காது அண்ணை" என்றேன். (மகனின் தமிழ் வீட்டுப்பாடத்தைத்தான் அவர் அந்தக் கொப்பியில் திருத்திக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.)

அப்படியிருக்கையில், இயந்திர உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் யப்பானிய நிறுவனம் ஒன்று என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. சரக்குப் பொறுப்பாளர் வேலை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. சனிக்கிழமை கன்டீனில் அறிவித்தேன்.

"யப்பானைப் பற்றி நீர் சொல்லுறதைக் கேட்டால் எடுப்பாங்களோ?" என்றார் தயாபரன் அண்ணை.

"அங்கை போய் இதையெல்லாம் சொல்லுவனே? நாலு தரம் குனிஞ்சு, உங்கடை ஒழுங்கென்ன, உங்கடை நேரமென்ன எண்டு நாலு பொய்யை விட்டால் உருகிப்போடுவாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். யூமியும் சிரித்த மாதிரி இருந்தது. போனில் ஏதோ பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று குனிந்து பழகினேன். ஆரணி ஒரு வீடியோவைப் பார்த்து, "இன்னும் பதிவாக் குனியுங்கோ அப்பா, முப்பது டிகிரி" என்று பயிற்சி கொடுத்தாள். ஷிப்ட் முடிந்துவந்த களைப்போடு வதனி என் சட்டையை அயர்ன் பண்ணினாள். "கேக்கிறதுக்கு வடிவாப் பதில் சொல்லுங்கோ, அது போதும்" என்று மட்டும் சொன்னாள். இந்த வேலை கிடைத்தால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை அந்த அலுவலகத்தில் கதவைத் திறந்ததும் குனிந்தேன். எதிரே நின்றவர் டேவிட் என்ற ஆங்கிலேயர். நான் எதையோ விழுத்திவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, அவரும் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். நான் நிமிர்ந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் யூமி இருந்தார். அவர்தான் அந்தப் பிரிவின் தலைவி.

பயப்படவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. தெரிந்த முகம்! அவருக்கும் ஒருதரம் குனிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஏன் யப்பானிய நிறுவனம் என்று டேவிட் கேட்டார். சிறுவயது முதலே உங்கள் ஒழுங்கில் எனக்கு மதிப்பு என்றேன். நேரந்தவறாமை என் உயிர் என்றேன். மேலதிகாரி கிளம்பும்வரை இருந்து வேலை செய்வதுதான் எனக்குப் பிடிக்கும், வீட்டுக்குப் போகவே மனம் வராது என்றேன். ஒவ்வொன்றுக்கும் யூமி "ம்… ம்…" என்று தலையாட்டினார். அவர் ஆட்ட ஆட்ட நான் ஏறிக்கொண்டே போனேன். (கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட யப்பானியர் அப்படித் தலையாட்டுவார்களாம். சம்மதம் என்று அர்த்தமில்லை. நான் பார்த்த வீடியோ எதிலும் இது வரவில்லை.)

"எங்கள் வேலைமுறையில் உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டா?" என்று யூமி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றுமே இல்லை" என்றேன்.

அவர் பேனையை மேசையில் வைத்தார். "பாஸ்கரன் அண்ணை," என்றார் தமிழில். "நாலு தரம் குனியிறதெண்டு சொன்னனீங்கள். ரெண்டு தரந்தான் குனிஞ்சிருக்கிறியள்."

என் காது அடைத்துவிட்டது. "உங்களுக்கு… தமிழ் விளங்குமோ?"

"ஓம். மாமியோடை பத்து வருசம் ஒரே வீட்டிலை இருந்தனான். அவவுக்கு இங்கிலீசு தெரியாது. விளங்கத்தானே வேணும்."

"யூமி அக்கா, அது… சும்மா உலக அரசியல்…"

ஏதாவது பிரச்சினையா என்று டேவிட் கேட்டார். ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் ஒரு சின்ன வித்தியாசம், சரிபார்க்கிறோம் என்றார் யூமி. சரக்குப் பொறுப்பாளர் வேலைக்கு இது நல்ல அறிகுறி என்று நினைத்தாரோ என்னவோ, டேவிட் அதைக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது குனிவதா விடுவதா என்று தெரியாமல் பாதியில் நின்றேன். அதையும் சேர்த்தால் இரண்டரை.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. உங்கள் அனுபவம் எங்களை வியக்கவைத்தது, சந்தித்ததில் பெருமகிழ்ச்சி, இம்முறை சற்றுச் சிரமமாக உள்ளது, உங்கள் வருங்காலம் சிறக்கட்டும் என்று ஒரே மரியாதை. "வதனி, எடுத்திட்டாங்கள் போல கிடக்கு" என்று கத்தினேன். ஆரணி போனை வாங்கி வாசித்துவிட்டு, "அப்பா, இது நோ" என்றாள். வதனி கலண்டரைத் திருப்பி அடுத்த ஞாயிறைப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

அடுத்த நாள் ஆரணியை வகுப்பில் விட்டுவிட்டு, கன்டீன் பக்கமே போகாமல் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன். மழை தூறியது. யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். யூமி, கையில் இரண்டு கடதாசிக் கப்.

"உள்ளை வரேல்லையோ? தயாபரன் அண்ணை தேடுறார். உலகம் அப்பிடியே கிடக்காம்."

கதவைத் திறந்துவிட்டேன். பக்கத்து சீற்றில் ஏறி இருந்து ஒரு கப்பை நீட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கடை நாட்டைப் பற்றிக் கண்டபாட்டுக்குக் கதைச்சுப்போட்டன்."

"அதிலை கனக்க விசயம் சரி. என்ரை அப்பாவை நாங்கள் ஞாயிற்றுக்கிழமையிலைதான் முழிப்பாக் கண்டனாங்கள். பிஸ்கட் கதைக்கு நான் வீட்டை போயும் சிரிச்சனான். கக்கூஸ் மட்டும் நீங்கள் சொன்னது பிழை. அது நல்ல சாமான்."

"அப்ப ஏன் என்னை எடுக்கேல்லை?"

"விண்ணப்பத்திலை உங்கடை பேரைப் பாத்திட்டு நான்தான் கூப்பிடச் சொன்னனான். பிடிக்காததை முகத்துக்கு நேரை சொல்லுற ஒரு ஆள் எங்கடை ஒப்பீசிலை இல்லை. கன்டீனிலை கதைக்கிற அந்தச் சனிக்கிழமை ஆள் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வேறை ஆரோ வந்தார்."

தேநீரில் சீனி இல்லை. ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தேன்.

பின்னேரம் வதனியிடம் குனிந்தது முதல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். நான்கு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கேள்வி பிறந்தது. யாராவது உறவினரின் வேகாத கேக்கை நான் போனில் புகழ்ந்துகொண்டிருந்தால், ஆரணி அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?" வங்கிக்காரரிடம் குழைந்தாலும் அதே கேள்விதான். முதன்முதலில் அதைக் கேட்டவள் வதனி. இப்போது நான் வேலைசெய்யும் மோர்டன் பண்டகசாலையின் நேர்முகப் பரீட்சைக்குக் கிளம்பிய காலை, வாசலில் மறித்து, என் கழுத்துப் பட்டியைச் சரிபண்ணிக்கொண்டே கேட்டாள்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றேன்.

"பிழை" என்றாள். சனி என்று நான் சொல்லும்வரை கதவைத் திறக்கவில்லை.