செம்மஞ்சள் கடுவன் நாடு கடத்தப்பட்ட விதம்

க. கோணாமலை, அகில இலங்கை சமாதான நீதவான். பெரியகல்லாற்றில் அவர் வீட்டு வாசல் படலையில் தொங்கும் பலகை அப்படித்தான் சொல்கிறது. அவர் போய் வந்த வீடுகளில் சமாதானம் எத்தனை நாள் தங்கியது என்பதைப் பலகை சொல்லவில்லை.

இவர் சாயல் பார்ப்போர் இனத்தைச் சேர்ந்தவர். உங்களுக்குத் தெரிந்த இனம்தான். எங்கேயாவது ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் போதும், சவர்க்காரப் பரிசுப் பெட்டியோடு வந்து இறங்கி, கழுத்தை இடமும் வலமும் சாய்த்து, "மூக்கு தகப்பன்ட, நெற்றி தாய்மாமன்ட, இந்தக் காது மட்டும் ஆர்ட எண்டு பிடிபடுகுதில்ல" என்று சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். காது அங்கேயே கிடக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் எத்தனை மாதம் பேச்சு நடக்கும் தெரியுமா?

கோணாமலையின் மூன்று நிறப் பூனை நான்கு குட்டி போட்டது. அதில் இரண்டு செம்மஞ்சள் கடுவன்கள், ஆண் குட்டிகள். பக்கத்து வீட்டுப் பெண்மணி சீதேவிப்பிள்ளை வளர்த்த கடுவனும் செம்மஞ்சள். வேறென்ன சாட்சி வேண்டும்? விசாரணை வேலியடியிலேயே தொடங்கியது.

"உன்ட கடுவன்ட வேலைதான் புள்ள இது. அதே நிறம், அதே முழி. தகப்பன் வீட்டுக்காரர்தான் குட்டியளப் பொறுப்பெடுக்க வேணும்."

"என்ட பூனை படலை தாண்டாது, ஐயா."

"உனக்குத் தெரியவா தாண்டும்?"

தனியாக வாழும் சீதேவிப்பிள்ளைக்குப் பேச்சுத்துணை அந்தக் கடுவன் ஒன்றுதான். ஆனாலும் குட்டிகளை ஏற்க மாட்டேன் என்று நின்றார். மறுநாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நீதவான் கடுவனை உரப்பையில் போட்டுக் கட்டி, பாலத்துக்கு அப்பால் மீன் சந்தையில் அவிழ்த்துவிட்டு வந்தார். உரப்பையோடு அவர் போனதைத் தெருவே பார்த்தது.

சீதேவிப்பிள்ளை அழுத அழுகையில், மிருக வைத்தியசாலையில் வேலை பார்க்கும் அவருடைய பெறாமகள் விதுர்ஷா வந்து, அவரையும் கூட்டிக்கொண்டு கோணாமலை வீட்டுக்குப் போனாள்.

"மாமா, கடுவன் குட்டிக்குச் செம்மஞ்சள் நிறம் தாயிட்ட இருந்துதான் வரும். தகப்பன் என்ன நிறமாயும் இருக்கலாம். உங்கட பூனைட முதுகைப் பாருங்க."

பார்த்தார். அது தன் செம்மஞ்சள் திட்டைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப தகப்பன் ஆர்?"

"ஆராயும் இருக்கலாம். நாலு குட்டிக்கும் நாலு தகப்பன் எண்டாலும் சரிதான்."

நீதவான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நாற்பது வருடத்தில் எத்தனை மூக்கு, எத்தனை காது!

"அதெல்லாம் கிடக்கட்டும். என்ட பூனை எங்க?" என்றார் சீதேவிப்பிள்ளை.

"இண்டைக்கே கொண்டு வாறன். சாயல் தெரிஞ்ச எனக்கு இதொரு வேலையா?" மோட்டார் சைக்கிள் புறப்பட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாகப் பிள்ளை பார்க்கப் போன வீட்டில், தொட்டிலுக்கு மேலே குனிந்து நீங்கள் சொன்னது என்ன?

கடுவன் மத்தியானமே தன்பாட்டில் பாலத்தால் நடந்து வந்து தன் வீட்டு அடுப்படியில் படுத்துவிட்டது. மாலையில் சந்தையிலிருந்து திரும்பிய கோணாமலை, "அதே நிறம், அதே முழி" என்று சீதேவிப்பிள்ளையின் கையில் கொடுத்தது, வயிற்றில் குட்டிகளோடு ஒரு பெட்டைப் பூனை.