உறுமாத கிட்டார்

எடைக்காரர் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். அணைத்த கையை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் டொக், டொக், டொக்கென்று சத்தம் கேட்டது.

“கேட்டுச்சா?” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

“என்னது?”

“சுவத்தைத் தட்டறாங்க.”

“ஆணி அடிக்கறாங்க போல.”

“தினமும் நீங்க கிட்டார் வாசிச்சு முடிக்கற நேரமாப் பார்த்தா ஆணி அடிப்பாங்க?”

எடைக்காரர் ஒயரைச் சுருட்டினார். பார்சல் அலுவலகத்தில் எடை பார்ப்பது அவர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பும் பெட்டிகளைத் தராசில் ஏற்றி இறக்கி எழுத வேண்டும். அதில் ஒரு பெட்டிகூட அவருக்கு வந்ததில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைக்கும் அரை மணி நேரம்தான் அவருக்கென்று இருந்தது. பிரமாதமாக வாசிப்பார் என்று சொல்ல முடியாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த அரை மணி இல்லாவிட்டால் மறுநாள் தராசைப் பார்க்கவே பிடிக்காது.

தொல்லை கிட்டாரின் உறுமலில் இருந்தது. ஒயரைச் செருகினால் போதும், கம்பியைத் தொடுவதற்கு முன்பே ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே சீராக உறுமத் தொடங்கிவிடும். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா ‘ஆஆஆ’ என்று நீளமாக இழுப்பார். அப்புறம் பாட்டு. இவர் அணைத்தால் பாட்டு நிற்கும், டொக் டொக் ஆரம்பிக்கும். பாடுவது எதிர்ப்பு, தட்டுவது எச்சரிக்கை என்று எடைக்காரர் தனக்குள் தீர்மானித்து வைத்திருந்தார்.

மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“போன வீட்டை எதுக்குக் காலி பண்ணினோம்?”

“தண்ணி சரியா வரலைன்னு.”

“உங்க கிட்டாரால. கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில நின்னு போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. ஒவ்வொரு தட்டையும் பேப்பர்ல சுத்தி, பெட்டியில அடுக்கி, இங்க வந்து பிரிச்சு, என் முதுகு போச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது. ஓனர்கிட்டேயிருந்து ஒரே ஒரு புகார் வரட்டும், கிட்டார் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

அவள் கோபக்காரி அல்ல. அவள் முதுகு உண்மையிலேயே போயிருந்தது. அதனால்தான் எடைக்காரர் பயந்தார். தம்பியோ எப்போது வந்தாலும் கிட்டாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, “அத்தான், இதுக்கு என் வீட்ல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கேன்” என்பான்.

மறுநாள் எடைக்காரர் இடத்தை மாற்றினார். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒயரைச் செருகியதும் கிட்டார் முன்னைவிட இரண்டு மடங்கு உறுமியது. பக்கத்து வீட்டில் பாட்டும் அதற்கேற்றாற்போல் களை கட்டியது. அந்தம்மா அன்று பாடியதுபோல் என்றும் பாடியதில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது என்று எடைக்காரர் புரிந்துகொண்டார்.

குளிர்சாதனப் பெட்டிதான் காரணமோ என்று அதன் பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் பாதியானது. சுவரில் உடனே டொக் டொக். பதறிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பிளக்கைத் திரும்பச் செருக மறந்துவிட்டார். காலையில் மனைவி பாலை முகர்ந்து பார்த்தாள், கறிகாயைத் தொட்டுப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

“ஒரு வாரத்துச் சாப்பாடு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டம்மா மாடிப்படியில் எதிரே வந்தார். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தார்.

“சார், ஒரு நிமிஷம். உங்க கிட்டார் விஷயமா…”

“ஆபீசுக்கு நேரமாச்சும்மா,” என்று எடைக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். ஆபீஸ் முடிந்துதான் வந்துகொண்டிருக்கிறோம் என்பது கதவைத் தாழ்போட்ட பிறகுதான் உறைத்தது.

இனி தாங்காது என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். ரிப்பேர்காரர் சால்டரிங் அயர்னை ஓரமாக வைத்துவிட்டுக் கம்பிகளுக்கு அடியில் இருந்த கறுப்புப் பட்டையை விரலால் தட்டினார்.

“இதுதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான கம்பி. கிட்டார் கம்பி ஆடறதை இதுதான் பிடிச்சு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புது. உங்களுதுல ஆயிரக்கணக்கான சுத்து. சுத்து கூடினா சத்தம் கூடும். அதோட, வீட்ல இருக்கிற லைட்டு, ஃபிரிட்ஜ், எல்லா கரண்டோட இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும்.”

“இரைச்சல் வேண்டாம்.”

“அப்ப லோ இம்பீடன்ஸ் பிக்கப் போடலாம். சுத்து ரொம்பக் கம்மி. ஒயர் எவ்வளவு நீளமா இருந்தாலும் சத்தம் மங்காது, சுத்தமா வரும்.” அவர் இழுப்பறையைத் திறந்து இரண்டு பட்டைகளை மேசைமேல் வைத்தார். “இது கொஞ்சம் கம்மி. உறுமும், ஆனா தொந்தரவா இருக்காது. வாசிச்சா ஒரு கனம் இருக்கும். அது ரொம்ப ரொம்பக் கம்மி. உறுமவே உறுமாது. ஆனா சத்தமும் மெலிசா வரும், அதைத் தூக்கிவிட பேட்டரி போட்டு ஒரு குட்டி போர்டு வைக்கணும்.”

எடைக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டையும் இரு உள்ளங்கைகளில் வைத்து எடை பார்த்தார். முதலாவதில் அவர் மனம் நின்றது. அதில் வாசித்தால் எப்படியிருக்கும் என்று காதுக்குள் கேட்டுப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. பிறகு தம்பி வீட்டு ஆணி நினைவுக்கு வந்தது.

“அதையே போடுங்க. உறுமவே உறுமாதது.”

“எல்லாரும் சத்தம் எவ்வளவு வரும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் எவ்வளவு வராதுன்னு கேக்கறீங்க.”

“எனக்குப் பக்கத்து வீடு இருக்கு,” என்றார் எடைக்காரர்.

வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகினார். ஒன்றும் கேட்கவில்லை. வாசித்தார். அப்போதும் ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை, டப்பாவுக்குள் கொசு அடைபட்ட மாதிரி ஏதோ வந்தது. குட்டி போர்டுக்குச் சதுர பேட்டரி வேண்டும் என்று ரிப்பேர்காரர் சொல்லியனுப்பியிருந்தார், அதை வாங்க மறந்துவிட்டார். கடைக்கு இறங்கினால் மாடிப்படியில் அந்தம்மா இருந்தால் என்ன செய்வது? வீட்டையே சுற்றி வந்து பார்த்ததில் வாசல் மணிக்குள் அதே அளவில் ஒரு பேட்டரி இருந்தது. அதை உருவி கிட்டாருக்குள் போட்டார். நாளைக்குப் புதிது வாங்கி மணிக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

இப்போது வாசித்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி வந்தது. நடுவில் நிறுத்தினால் அறையில் நிசப்தம். அந்த நிசப்தத்தைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது. இனி யாரும் குறை சொல்ல முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஆஆஆ’ என்று தொடங்கியது. வழக்கம்போல் நிமிர்ந்து நிற்காமல் கொஞ்சம் மேலே போய், கொஞ்சம் கீழே இறங்கி, தள்ளாடி, நின்றுபோனது. டொக், டொக், டொக்.

எடைக்காரர் சத்தத்தைக் குறைத்தார். டொக் டொக். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வெறும் கம்பியை மீட்டினார். டொக் டொக் டொக். கிட்டாரைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். அதற்கும் டொக் டொக்.

“இப்ப நான் ஒண்ணுமே பண்ணலை,” என்றார் மனைவியிடம். “சும்மா இருந்தாலும் தட்டறாங்க.”

மனைவிக்கு முதன்முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் முதுகு முதுகுதான்.

“அவங்களுக்கு உங்களையே பிடிக்கலை போல,” என்றாள். “விடுங்க. வேற எங்கயாவது, யாரும் இல்லாத இடமாப் பார்த்து, அப்புறம் எப்பவாவது வாசிக்கலாம்.”

அடுத்த சில நாட்கள் இப்படியே போயின. அவர் வாசித்தாலும் தட்டு, வாசிக்காவிட்டாலும் தட்டு. வாசலுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல் அவருக்குச் சில நேரம் தோன்றும். மணி அடிக்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுவார்.

விடுமுறை நாள் காலையில் யாரோ கதவை உள்ளங்கையால் படபடவென்று தட்டினார்கள். மனைவி திறந்தாள். கட்டட ஓனர் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டம்மா.

“காலிங் பெல் வேலை செய்யலையா? இந்தம்மா நாலு நாளா அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போயிருக்காங்க,” என்றார் ஓனர். “சார் இருக்காரா? அவர் கிட்டார் மேல ஒரு புகார்.”

தம்பியும் அன்று அங்கே இருந்தான். அவன் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

எடைக்காரர் அறையிலிருந்து கிட்டாரைத் தானே எடுத்து வந்தார். யாரும் சொல்லவில்லை. உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி நின்றார். எத்தனையோ பெட்டிகளைத் தூக்கியவருக்கு, இது இவ்வளவு கனக்கும் என்று இத்தனை நாளும் தெரியாது.

“மாப்பிள்ளை, வாங்கிக்கோ. ஈரத்துல வைக்காதே. உள்ளே பேட்டரி இருக்கு, அது வாசல் மணியோடது, அதை மட்டும் குடுத்துடு.”

தம்பி வாங்கிக்கொண்டான். ஆனால் அத்தானின் முகத்தைப் பார்க்க அவனுக்கும் ஒரு மாதிரி இருந்தது. மனைவி சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அம்மா, மன்னிச்சுக்கங்க,” என்றார் எடைக்காரர், பக்கத்து வீட்டம்மாவின் பக்கம் திரும்பி. “உறுமல் உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கும். அதுக்காகத்தான் உள்ளே எல்லாத்தையும் மாத்தினேன். இனிமே இந்த வீட்ல கிட்டாரே கிடையாது. நீங்க நிம்மதியாப் பாடலாம்.”

பக்கத்து வீட்டம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம்பியின் கையிலிருந்த உறையையும் எடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“வீடு மாத்தறப்ப என் சுருதிப்பெட்டி உடைஞ்சுபோச்சு சார், இத்தனை நாளா உங்க கிட்டார் உறுமறதைத்தான் சுருதியா வச்சுப் பாடிட்டிருந்தேன்; நீங்க நிறுத்தறப்பல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் போடுங்கன்னுதானே சார் சுவத்தைத் தட்டினேன்?”