ஆட்சேபணை மனுவில் என் கையெழுத்து

நான் ஒருமுறை மாநகராட்சித் தேர்தலில் நின்றிருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். தபால்காரர் வந்தாலே கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள் நான். (அவருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பல வருடம் கவுன்சிலராக இருந்த என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னை உற்றுப் பார்த்தார். நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ நில்லு. பேரு உன்னோடது, வேலை என்னோடது. கும்பிட்டா போதும், வாயத் திறக்காத."

போஸ்டரில் அவர் படம் பூசணிக்காய் அளவு, வேட்பாளர் படம் எலுமிச்சம்பழம் அளவு.

அதே வார்டில் கனகாவும் மனு போட்டாள். கனகா திருநங்கை. அம்மா மண்டபம் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருந்தாள். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது, பெண்கள் பிரிவில் ஆண்கள் தங்கக் கூடாது என்று வீட்டுக்காரரை அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு வேறு யார் வருவார்கள்? ஒன்பது நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கனகாதான் கூட இருந்தாள். தலை வாரிவிட்டாள், எச்சில் துடைத்தாள். நீ பெண்தானா என்று நர்சம்மா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனு பரிசீலனைக்கு முதல் நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். (படிப்பு அஞ்சாவதுதான். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.)

மறுநாள் தேர்தல் அதிகாரி அந்தக் காகிதத்தை எல்லார் முன்னாலும் வாசித்தார். கனகா பிறப்பால் பெண் அல்ல. கர்ப்பப்பை இல்லாத, பிள்ளை பெற முடியாத ஒருவரைப் பெண்ணாகக் கருதி, பெண்கள் வார்டில் போட்டியிட அனுமதிக்கக் கூடாது. இப்படிக்கு, நான்.

"இது நீங்க குடுத்த ஆட்சேபணைதானேம்மா?"

"ஆமாங்க சார்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களக் கேக்கலைங்க. வேட்பாளர் நீங்களா, அவங்களா?"

காகிதத்தில் இருந்ததெல்லாம் என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது. நாற்பது வருடம் பொத்தி வைத்த வாய் அன்றைக்குப் போய்த் திறந்துகொண்டது.

"சார்... எனக்கும் அது இல்லீங்களே. ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பிள்ளையும் இல்லீங்க. அப்ப என் மனுவும் தள்ளுபடிங்களா?"

அறையே குலுங்கியது. பியூன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "மானத்த வாங்கிட்டியேடி" என்றார் வீட்டுக்காரர். கனகா மட்டும் சிரிக்கவில்லை.

வாக்காளர் அட்டையில் பெண் என்றே இருக்கிறது என்று அவள் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் வேறொரு பெண் ஜெயித்தாள். கனகா எனக்கு மேலே வந்தாள். எனக்குக் கீழே யாருமில்லை.

முடிவு தெரிந்த பிறகு அவள் கடைக்குப் போனேன். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"சத்தியமா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது கனகா. படிக்காம போட்டுட்டேன்."

அவள் இட்லித்தட்டில் துணியை விரித்தபடியே கேட்டாள். "முழுசும் படிக்க வேணாம்க்கா. மொத வரியில என் பேரு இருந்துச்சே, அதுகூடவா கண்ணுல படல?"

அவள் மாவை ஊற்றப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் தெருப் பக்கம் அவள் வருவதே இல்லை.

இப்போதும் வீட்டில் பேங்க் பாரமோ ரேஷன் கார்டு பாரமோ வந்தால் கொழுந்தன் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"பெரியம்மா, படிச்சுட்டுப் போடுங்க! உங்க மேலயே ஆட்சேபணை குடுத்துடப் போறீங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெரியம்மா பாவம், ஒன்றும் தெரியாமல் போட்டுவிட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

க, ன, கா. மூன்றே எழுத்து. கண்ணில் பட்டது.