கவருக்கு வந்த காய்ச்சல்

அன்று சங்கத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இருந்தவர்கள் இவர்கள்தான்: சக்கர நாற்காலி இரவல் சங்கத்தின் தலைவரான பெரியவர்; செயலாளரான அவருடைய மருமகள்; பொருளாளரான அவருடைய மச்சினர், மருந்துக்கடைக்காரர்; பக்கத்துத் தெருவில் பூனைக் காப்பகம் நடத்தும் அம்மாள்; கைராசியார்; அவருக்கு ரசீது போடும் அவருடைய மனைவி. அவ்வளவுதான். பூனைகூட வரவில்லை.

கைராசியாரின் புகழ் அப்போது உச்சத்தில் இருந்தது. அறக்கட்டளைகளிடம் நிதியுதவி கேட்கும் சின்னச் சின்னச் சங்கங்கள் அந்த ஊரில் ஏராளம். விடிந்தால் அத்தனையும் அவர் வாசலில்தான் நின்றன. முதியோர் இல்லம், இலவச நூலகம், குடியை விட்டவர்கள் சங்கம், விட முயல்பவர்கள் சங்கம், எல்லார் கையிலும் ஆளுக்கொரு பழுப்புக் கவர். உள்ளே விண்ணப்பம். கைராசியார் கவரின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். சூடு ஏறினால் பணம் வரும். ஏறாவிட்டால் மறுபடி வைக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். ஓராண்டுத் திட்டத்துக்கு ஒரு கை, மூன்றாண்டுத் திட்டத்துக்கு இரண்டு கை. நல்லவேளை, மனிதனுக்கு இரண்டு கையோடு நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. எந்த அறக்கட்டளையும் இப்போது கவர் வாங்குவதில்லை. விண்ணப்பம் கணினி வழியாகத்தான் போகிறது. அதனால் என்ன? கை வைப்பதற்கென்றே ஒரு பிரதி அச்செடுத்து, கவரில் போட்டு ஒட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோலப் போனார்கள். கவரில் ஏறிய சூடு எந்தக் கம்பி வழியாக அறக்கட்டளைக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது சந்தேகம். அந்தக் கடையில் சந்தேகத்தைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பணம் வந்தால் அவர் கை. வராவிட்டால் உங்கள் கமிட்டியில் எவருக்கோ சந்தேகம்.

அறக்கட்டளைகளும் லேசுப்பட்டவை அல்ல. "சிறந்த விண்ணப்பங்கள் பல வந்திருந்தன, வருந்துகிறோம்" என்று எல்லாருக்கும் ஒரே வரியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஏன் கிடைக்கவில்லை என்று மூச்சுவிடாது. காரணம் சொல்லாத இடத்தில் கைராசிக்காரன் கடை போடாமல் வேறு எங்கே போடுவான்?

பெரியவர் இப்படிப்பட்ட வாசலில் நிற்கிற ஆள் அல்ல. சங்கத்தைத் தொடங்கியவர் அவருடைய தகப்பனார். காலொடிந்தவர், வாதத்தில் விழுந்தவர் யார் வந்து கேட்டாலும் நாற்காலியை இரவல் கொடுத்து, திரும்பி வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கும் குடும்பம். ஆனால் இப்போது பாதி நாற்காலிகளுக்கு டயர் இல்லை. இரண்டு அறக்கட்டளைகள் கையை விரித்துவிட்டன. மச்சினர் வற்புறுத்திக் கூட்டிப் போனார். மரியாதைக்காகத்தான் போகிறேன் என்று பெரியவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மரியாதைக்காகவே இரண்டு கைக்கும் பணம் கட்டினார். கவரில் சூடு ஏறியும் மூன்றாவது அறக்கட்டளை கையை விரித்தது.

நாலாவது விண்ணப்பத்தை முந்தின நாள்தான் மருமகள் படிக்கக் கொடுத்தாள். முதல் இரண்டு பக்கத்தைக் காணோம். அவை அவருடைய தகப்பனாரின் வரலாறு.

"அப்பா எங்கம்மா போனாரு?"

"அவங்க கேக்கறது தாத்தா யாருன்னு இல்ல மாமா. நாற்காலி கெடைச்சா யாரு வீட்டை விட்டு வெளிய வருவாங்கன்னு கேக்கறாங்க. அதை மட்டும் எழுதியிருக்கேன்."

பெரியவருக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, அனுப்பு" என்றார். அவர் கண்ணெதிரே அவள் பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் போயிற்று.

கை வைக்காமலே விண்ணப்பம் போய்விட்டதைக் கேட்டு மறுநாள் மச்சினர் விடவில்லை. கைராசியாரையே கொட்டகைக்கு அழைத்து வந்துவிட்டார். தமக்கு ஏற்கெனவே நிதி வந்த பெருமையில் பூனைக் காப்பகத்து அம்மாளும் கூடவே வந்துவிட்டார். டயர்கள் தொங்கும் சுவரையும் எண்ணெய்க் கறை படிந்த தரையையும் கைராசியார் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நல்லதாக ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். அது சக்கர நாற்காலி. லேசாகப் பின்னால் உருண்டது.

"இங்க ஒரு சந்தேகம் இருக்கு" என்றார் கண்ணை மூடியபடி. "பொம்பள சந்தேகம். படிச்ச சந்தேகம். அது கமிட்டியை விட்டுப் போகாதவரைக்கும் அனுப்பின விண்ணப்பம் திரும்பித்தான் வரும்."

எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன் அத்தான்" என்றார் மச்சினர். "இன்னிக்கே தீர்மானம் போட்டுடுவோம். பொண்ணு கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"சின்ன மாமா, போன தடவை கேட்ட எடம் குழந்தைங்களுக்கு மட்டும்தான் குடுக்கும்னு மொத வரியிலயே போட்டிருந்துச்சு. நம்மகிட்ட நாற்காலி வாங்கறவங்கள்ல சின்னவருக்கே எழுபது வயசு. நான் வேணாம்னேன். கவர் சூடா இருக்குன்னு நீங்கதான் அனுப்ப வச்சீங்க."

"பாத்தீங்களா, இதான் நான் சொன்ன சந்தேகம்" என்றார் கைராசியார்.

மருமகளை இறக்கினால் ஊர் என்ன பேசும் என்று பெரியவருக்குத் தெரியும். ஏழைகளுக்கு வரவேண்டிய பணத்தைச் சந்தேகத்தால் கெடுத்தவள் என்று பேசும். அந்தப் பேச்சு அவளோடு நிற்காது. வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை பழியோடு ஒரு பதவியை விட்டு இறங்கியதில்லை.

"நான் போறேன் மாமா" என்றாள் மருமகள். "அதுக்கு முன்னாடி அவரு ஒரே ஒரு வேலை செய்யட்டும். அஞ்சு கவர் ஒட்டித் தரேன். ஒண்ணுல நம்ம விண்ணப்பம், மத்ததுல வேற காகிதம். விண்ணப்பம் எதுன்னு கை சொல்லட்டும். சொல்லிட்டா நானே எழுதிக் குடுத்துட்டு எறங்கிடறேன்."

கைராசியார் சிரித்தார். "சந்தேகம் இருக்கற ரூம்ல கை பேசாதும்மா."

பெரியவர் எழுந்தார். முதுகை நிமிர்த்தி நின்றால் அவர் கதவளவு உயரம். "அவ்வளவுதானே? சந்தேகத்தை வெளிய அனுப்பிடறேன். நீ ஒட்டிக் குடுத்துட்டு வாசல்ல போய் நில்லும்மா. கவரை நான் கலைச்சு வைக்கறேன். எங்க வீட்டு மேல பழி போடறவரு நிரூபிச்சுட்டுப் போகட்டும்."

அவள் கவர்களை ஒட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். ஒன்றுபோல ஐந்து கவர்களை எல்லார் முன்னிலையிலும் பெரியவர் சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்து மேஜையில் பரப்பினார். எது எதில் என்று இப்போது அவருக்கே தெரியாது.

கைராசியார் மனைவியைப் பார்த்தார். மனைவி ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கை இறங்கியது.

முதல் கவர்: "ம்ஹூம்." இரண்டாவது: "ஜில்லுன்னு இருக்கு. பொணம் மாதிரி." மூன்றாவது: யோசனை. நாலாவதில் கையை வெடுக்கென்று இழுத்து உள்ளங்கையை ஊதினார். "இதான். தணல். தொட முடியல."

மச்சினர் பக்தியோடு அந்தக் கவரைத் துணியால் பிடித்து எடுத்தார், சுட்டுவிடுமோ என்று. கிழித்தார். உள்ளே ஒரு துண்டறிக்கை. கொட்டை எழுத்தில்: 'கைராசியார். தொட்டால் நிதி. முன்பதிவு அவசியம்.'

பெரியவர் மற்றவற்றையும் கிழித்தார். சங்கத்தின் விண்ணப்பம் பிணம் மாதிரி ஜில்லிட்டிருந்த இரண்டாவது கவரில் இருந்தது.

"இன்னும் இங்க யாருக்கோ சந்தேகம் இருக்கு" என்றார் கைராசியார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எண்ணிப் பாத்துடலாம்" என்றார் பெரியவர். "என் மச்சினன் கவரைத் துணி போட்டுப் பிடிச்சான். அவன் நம்பறான். இந்த அம்மா தன் பூனைங்கமேல சத்தியம் பண்ணுவாங்க. உங்க வீட்டம்மா ரசீது போடறாங்க. நானும் நம்பித்தான் ரெண்டு கைக்குப் பணம் கட்டினேன்; சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. சந்தேகப்பட்டவ வாசல்ல நிக்கறா. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ரசீதுப் புத்தகம் மூடிக்கொண்டது.

பூனைக் காப்பகத்து அம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப எனக்குப் பணம் வந்ததே, அது எப்படி?"

வாசலிலிருந்து பதில் வந்தது. "நீங்க கேட்டது பூனைக்கு ஊசி போட. அவங்க குடுக்கறது பிராணி வைத்தியத்துக்கு. கேக்க வேண்டிய எடத்துல கேட்டீங்க அக்கா. உங்களோட அன்னிக்கு வரிசையில நின்னவங்க எத்தனை பேருக்கு வரலன்னு விசாரிச்சீங்களா?"

"வராதவங்க வந்து சொல்லுவாங்களா?" என்றார் அம்மாள். சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

கைராசியார் எழ முயன்றார். அவர் எழுவதற்குள் சக்கர நாற்காலி உருண்டது. பெரியவரே கைபிடித்து எழுப்பிவிட்டார். வந்தவரை மரியாதையாக வழியனுப்புவதும் அந்தக் குடும்பத்தின் வழக்கம்தான். "மருமகளே, உள்ள வாம்மா" என்றார் பிறகு. "தீர்மானம் ஒண்ணு எழுதணும். செயலாளர் இல்லாம எப்படி எழுதறது?"

பணம் வந்தது. நாற்காலிகள் டயர் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டன.

இப்போது ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. என்னதான் ஜில்லென்று சொன்னாலும் கைராசியாரின் கை அந்தக் கவரில் பட்டதல்லவா, அதனால்தான் பணம் வந்தது என்று. அது பொய். கை பட்டது பிரதியில். விண்ணப்பம் முந்தின நாளே போய்விட்டது. கை பட்ட பிரதி கொட்டகையைத் தாண்டவே இல்லை. மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். அந்தக் கொட்டகையில் இப்போது சந்தேகப்படுகிறவர்களுக்குத்தான் முதல் நாற்காலி.