கழுகில்லாத கடற்கரை

கழுகை என் வீட்டை விட்டு விரட்டியே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு கொப்பளித்துத் துப்பினேன்.

பறக்கிற கழுகு என்று நினைத்துவிடாதீர்கள். அதுவாக இருந்தால் நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? இது ஆம்பளைக் கழுகு. என் மனைவி பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லித்தருகிறவள். பிள்ளைகளுக்குப் புறா வரைந்து காட்ட வேண்டும், அதற்கு முன்னால் ஒரு புறாவை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று ஜன்னலுக்குப் போனவள், இரண்டு வருஷமாக அங்கேயே நிற்கிறாள். பிறகு போனில் ஒரு பறவைக் குழுவில் சேர்ந்தாள். அந்தக் குழுவில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. இவள் மீன்கொத்தி. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய எனக்கே தெரியாமல் என் பெண்டாட்டிக்கு ஒரு பேர், அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஒருத்தன். அவன்தான் கழுகு.

கழுகு அஞ்சு மணிக்கு எழுந்து நடக்கிறாராம். கழுகு ராத்திரி சோறு சாப்பிடுவதில்லையாம். கழுகு தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறாராம். சோற்றில் கை வைத்தால் கழுகு, தலை துவட்டினால் கழுகு. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய வயிற்றெரிச்சலுக்கு நான்தான் மாத்திரை கொடுக்கிறேன். என்னுடைய வயிற்றெரிச்சலுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை.

கழுகு வருவது போன் வழியாக. போன் வருவது சிக்னல் வழியாக. சிக்னலே இல்லாத இடத்துக்கு இவளைக் கூட்டிப்போய், ஏழு நாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தால்? இதுதான் என் திட்டம். கடற்கரை ஓரமாக ஒரு கேரவன் பயணம் போகலாமா என்று அன்றைக்குச் சாயங்காலமே கேட்டேன்.

"என்னங்க, பதினோரு வருஷமா நான் கேக்கறேன். கடையைப் பூட்ட முடியாதுன்னீங்களே."

"உனக்கு அப்புறம்தான் எனக்குக் கடை."

அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் வரைபடத்தை எடுத்து வந்து விரித்தாள். ஆள் நடமாட்டமே இல்லாத கரை எது என்றேன். தேடக்கூட இல்லை. இங்கிருந்து இதுவரைக்கும், ஆறு இடத்தில் தங்கலாம், கடைசியில் கடல்நாய்கள் கூட்டமாக வந்து படுக்கிற ஒரு முனை என்று விரல் வைத்துக்கொண்டே போனாள். என் பெண்டாட்டிக்கு இவ்வளவு பூகோளம் தெரியுமா என்று அசந்துபோனேன். அசந்திருக்கக் கூடாது, யோசித்திருக்க வேண்டும்.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. ஓட்டலாம், சமைக்கலாம், படுக்கலாம், இடித்துக்கொள்ளலாம். முதல் நாளே என் தலை நாலு இடத்தில் வீங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அலமாரிக் கதவு திறந்து ஒரு பாத்திரம் என் பிடரியைப் பார்த்து வரும். வீட்டை விட்டு ஏழு நாள் தள்ளி இருக்கலாம் என்று கிளம்பினால், வீடே கூட வந்துவிட்டது.

ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். போனில் நாலு கோடு மூன்றானது, மூன்று ஒன்றானது, பிறகு ஒன்றுமே இல்லை. அவள் போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டாள். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. கழுகை மறந்தே போய்விட்டாள் என்று நினைத்து ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.

முதல் தங்கலில் ஒரு மரக்கொட்டகை இருந்தது. உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் கயிற்றில் கட்டின நோட்டு. அந்தக் கரையில் ஒரு வழக்கம். வந்து தங்குகிறவர்கள் என்னென்ன பார்த்தார்கள், எந்த நேரம், எந்தப் பக்கம் என்று அதில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும். இவள் நோட்டைப் பிரித்தாள். கடைசியாக எழுதினவர் இரண்டு நாள் முன்னால் வந்தவர். முத்து முத்தான கையெழுத்து. நாற்பது பூநாரை, உப்பளத்துக்கு மேற்கே, காலையில் போங்கள், கிட்டே போக வேண்டாம். கீழே கோடு போட்டு ஒரு பேர்: கழுகு.

சிக்னல் இல்லாத இடத்துக்குப் பேப்பரில் வந்துவிட்டான் படுபாவி.

"நாம வர்றதை அவன்கிட்ட சொன்னியா?"

"குழுவுல எல்லாருக்கும்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போறார்னு உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா எழுதினேன் தெரியுமா?"

இதற்கு மேல் சண்டை போட முடியுமா? காலையில் போய், கிட்டே போகாமல், நாற்பது பூநாரையையும் பார்த்தோம். நான் எண்ணினேன். முப்பத்தொன்பது இருந்தால் அவனைப் பொய்யன் என்று சொல்லலாமே. நாற்பத்தொன்று இருந்தது.

இரண்டாவது கொட்டகையிலும் கழுகு. மூன்றாவதிலும் கழுகு. காற்றுக்கு எதிராக உட்காருங்கள் என்று எழுதியிருந்தால் இவள் அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த என் கண்ணில் ஒரு வண்டி மணல். சத்தம் வராமல் இருக்கச் செருப்பைக் கழற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தான். கழற்றிவைத்தேன். ஒரு நரி வந்து என் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு போனது. இவள் அதையும் பைனாகுலரில் ரசித்துப் பார்த்தாள். மூன்றாவது கரையில் ஒற்றைக் கடல்நாய் ஒன்று மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகா தூங்குது பாருங்க என்று இவள் உருகினாள். நானும் அச்சு அசலாக அப்படித்தான் தூங்குகிறேன். எனக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கிடைப்பது முழங்கை இடிதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கவலை தேதியில் இருந்தது. முதல் நோட்டில் கழுகு எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் இருந்தான். நாலாவதில் ஒரு நாள். ஐந்தாவதை இவள் பார்ப்பதற்கு முன்னால் நானே போய்ப் பிரித்தேன். முந்தின நாள் சாயங்காலம், கூடவே ஒரு வரி: கடைசி முனையில் நாலு நாள் தங்கப்போகிறேன்.

நாங்கள் போகும்போது அவன் அங்கே இருப்பான். கண்ணை மூடினால் தெரிந்தான். ஆறடி உயரம். காற்றில் பறக்கிற முடி. தானே தேய்த்துப் போட்ட சட்டை. கேரவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். தலையில் நாலு வீக்கம், காலில் ஒரு செருப்பு, நடுவில் வயிறு. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து இவள் பார்க்கப்போகிறாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வயசான காலத்தில் இது தேவையா?

மத்தியானம் இவள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். நான் பூனை நடை போட்டுக் கொட்டகைக்குப் போனேன். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளுகிற சீட்டையே இருபது வருஷமாகப் படிக்கிறவன் நான். இந்த முத்துக் கையெழுத்து எனக்கு எம்மாத்திரம்? கழுகு எழுதின பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் அதே மாதிரி எழுதினேன்.

"கடைசி முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். கடல்நாய் 0-0-0. ஆமை 0-0-0. கூழைக்கடா 0-0-1, அதுவும் பறந்துவிட்டது. பாதை மோசம். திரும்பிப் போய்விடுவது நல்லது. கழுகு."

கோடு உட்பட அப்படியே வந்திருந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

நாலு மணிக்கு எழுந்து போய் அவள் நோட்டைப் படித்தாள். நான் வாசலில் அலையை வேடிக்கை பார்ப்பது போல நின்றேன். ரொம்ப நேரம் படித்தாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க, முன்னால ஒண்ணும் இல்லையாம். திரும்பிடலாம்."

"அவ்வளவுதானா?"

"கழுகு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. உள்ளே சுருக்கென்றது. பதினோரு வருஷம் கேட்டு வந்த பயணம். கடல்நாய் கடல்நாய் என்று வழியெல்லாம் ஜபம் செய்தவள். அவன் ஒரு வரி எழுதினதும் மூட்டையைக் கட்டுகிறாள். நான் ஒரு கடையில் புடவை நன்றாக இல்லை என்று சொன்னால், அதற்காகவே இரண்டு எடுப்பாளே இவள். எழுதினது நான்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. உலகத்தில் தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட முதல் புருஷன் நானாகத்தான் இருக்கும்.

"அவன் சொன்னா உடனே திரும்பிடுவியா? அவன் என்ன உனக்கு மாமனாரா? நான் சொல்றேன், முன்னால கடல்நாய் இருக்கு. கடைசி வரைக்கும் போறோம்."

"பாதை மோசம்னு எழுதியிருக்காரே."

"ஓட்டறது நான். ஏறு வண்டியில."

சமத்தாக ஏறிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து நான் சொன்னதை அவள் கேட்ட ஒரே நாள் அதுதான். பத்து கிலோமீட்டர் போன பிறகுதான் நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. திருப்ப முடியாது. இப்போதுதானே கர்ஜித்தேன்.

மறுநாள் காலை கடைசி முனை. பாறைமேலெல்லாம் கடல்நாய். முந்நூறாவது இருக்கும். குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டு உருண்டன. கிழடுகள் ஒன்றையொன்று தள்ளி இடம் பிடித்தன. இவள் பைனாகுலரைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தாள். ஏழு நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்தாள், சும்மா கண்ணால்.

"நீங்க பிடிவாதம் பிடிக்கலன்னா இதை நான் பார்த்தே இருக்க மாட்டேன்."

நான் வெண்ணெயாக உருகிவிட்டேன். வரட்டும் கழுகு, ஆறடியோ ஏழடியோ. அந்த நிமிஷம் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. மொத்தமாக ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

"மீன்கொத்தி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பெண் குரல். சிவப்புத் தொப்பி வைத்த ஒரு அம்மா ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். இவள் என் கையை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் இன்னொரு கேரவன் நின்றது. அதன் நிழலில் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் குள்ளமாக, வழுக்கையாக, என் வயிற்றைவிட ஒரு சுற்றுப் பெரிய வயிற்றோடு, கசங்கின சட்டையில் ஒருத்தர் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், இவர்தான் கழுகு என்று அந்த அம்மா அறிமுகப்படுத்தினாள்.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். ஆனால் அவர் என்னை எரிப்பது போலப் பார்த்தார். பெண்கள் இரண்டு பேரும் பாறைப் பக்கம் போனதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"மருந்துக்கடைக்காரர் நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"தினம் ராத்திரி சம்சாரத்துக்குக் கால் அமுக்கி விடறீங்களாமே. எதுக்குய்யா அந்த வேலை உமக்கு? உம்மாலதான் ரெண்டு வருஷமா நானும் அமுக்கறேன்."

நான் ஒருநாளும் அமுக்கினதில்லை என்று கடல்மேல் சத்தியம் செய்தேன். அவரும் தன் ஆயுளில் ஒரு சட்டை தேய்த்ததில்லை என்று சத்தியம் செய்தார். ராத்திரிச் சோற்றை விட்டதுமில்லையாம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற தனக்குக் கழுகுக்கும் காக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதாம். குழுவில் அவர் பேரில் எழுதுவது, நோட்டில் எழுதுவது, கோடு போடுவது, எல்லாம் அந்த அம்மாவாம். மருந்துக்கடைக்காரர் கேரவனில் கூட்டிப்போகிறார், நீயும் ஒரு புருஷனா என்று கேட்டு, அவரையும் கிளப்பிக்கொண்டு, வழியெல்லாம் அந்த அம்மாவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு வருஷமாக இரண்டு சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பெண்டாட்டிகளும், அவரைக் காட்டி என்னையும் என்னைக் காட்டி அவரையும் மேய்த்திருக்கிறார்கள்.

இதை விடக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கை குலுக்கிக்கொண்டு போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா பேசிவிட்டாள். திரும்பிப் போகும்போது அவர்கள் இரண்டு பேரும் அவள் வண்டியில் போகிறார்களாம், பேச எவ்வளவோ இருக்கிறதாம். நாங்கள் இரண்டு பேரும் என் வண்டியில் பின்னால் வர வேண்டுமாம்.

முடியவே முடியாது என்றேன். என் மனைவியோடு தனியாக இருக்கத்தானே கிளம்பி வந்தேன். இவள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். நான் எழுதின பக்கம்.

"காலைல இத்தனை, மத்தியானம் இத்தனை, ராத்திரி இத்தனைன்னு கடல்நாயை எழுதறவர் இந்தக் கரை முழுக்க யாருங்க? சாப்பாட்டுக்கு முன்னால, பின்னாலன்னு போடறதுதான் பாக்கி."

நான் காகிதத்துக்குக் கை நீட்டினேன். அவள் அதை மடித்துத் திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இதை அவங்ககிட்ட காட்டவா, இல்ல வண்டியில ஏறறீங்களா?"

கழுகிடமிருந்து தூரமாகக் கூட்டிப்போன மனைவியை இன்னொரு வண்டியில் முன்னால் அனுப்பிவிட்டு, சிக்னலே இல்லாத அந்தக் கரையில், திரும்பி வருகிற நாலு நாளும் நான் கழுகோடுதான் குடும்பம் நடத்தினேன்.